பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக்கு வரலாமா என்று யோசிப்பவர்கள், வந்து ஒரு வருடம் கழித்து முழிப்பவர்கள், அந்த ஆய்வகத்திலிருந்து மட்டும் ஏன் எப்போதும் கருகல் வாடை வருகிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் என மூன்று தரப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சாய்வு இருக்கும். அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வாளர் என்னதான் செய்கிறார்?

மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பெட்டிகளை ஆராய்கிறார். போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், மின்சார காரின் மோட்டாரை ஓட்டும் பெட்டி, கடலுக்கடியில் போகும் உயரழுத்த நேர்மின் (டிசி) கேபிளின் இரு முனையிலும் நிற்கும் கட்டடம் அளவு கன்வெர்ட்டர் எல்லாமே இந்தக் குடும்பம்தான். எல்லாவற்றுக்கும் தந்திரம் ஒன்றே: ஒரு ஸ்விட்சை நொடிக்குப் பல ஆயிரம் முறை, சில வேளை பல லட்சம் முறை திறந்து மூடுவது.

மூடியிருக்கும் ஸ்விட்சில் கரண்ட் ஓடும், வோல்டேஜ் இருக்காது. திறந்திருந்தால் வோல்டேஜ் இருக்கும், கரண்ட் இருக்காது. இரண்டையும் பெருக்கினால் எந்த நிலையிலும் பூஜ்யம், ஆகவே இழப்பே இல்லை. இது பாடப்புத்தகக் கணக்கு. நிஜத்தில் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குப் போகும் அந்தச் சில பத்து நானோ வினாடிகளில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக நிற்கின்றன. மூடிய ஸ்விட்சிலும் கொஞ்சம் வோல்டேஜ் மிச்சம் இருக்கிறது. இரண்டுமே சூடாக வெளியே வருகின்றன. எங்கள் பிழைப்பு அந்தச் சூட்டில்தான் ஓடுகிறது.

எலக்ட்ரிக்கல் என்று சொன்னால் போதாதா? தனிப்பெயர் எதற்கு?

1973இல் வில்லியம் நியூவெல் என்ற பொறியாளர் ஒரு மாநாட்டு உரையில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். மூன்று மூலைகளில் மின்திறன், மின்னணுவியல், கட்டுப்பாட்டியல். நடுவில் பவர் எலக்ட்ரானிக்ஸ். அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் படம் பொருந்துகிறது. அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்த்துக்கொள்வேன்: மூன்று மூலைக்காரர்களும் நடுவில் இருப்பவரைத் தங்கள் ஆளாக நினைப்பதில்லை. பவர் சிஸ்டம்காரர்களுக்கு நாங்கள் சில்லறைப் பொருள் செய்பவர்கள், சிப்காரர்களுக்குக் கரடுமுரடானவர்கள், கட்டுப்பாட்டுக்காரர்களுக்குக் கணக்கு போதாதவர்கள்.

துறையின் வரலாறு ஸ்விட்சின் வரலாறு. 1902இல் பீட்டர் கூப்பர் ஹியூவிட்டின், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பாதரச வில் ரெக்டிஃபையர் வந்தது. அதன் வழித்தோன்றலான பாதரச வால்வுகளை வைத்துத்தான் 1954இல் ஸ்வீடனின் காட்லண்ட் தீவுக்கு 100 கிலோவோல்ட் நேர்மின் கேபிள் வழியாக 20 மெகாவாட் அனுப்பினார்கள். 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் தைரிஸ்டர் என்ற சிலிக்கான் ஸ்விட்ச் பிறந்தது. கேட் எனும் கட்டுப்பாட்டு முனையில் ஒரு துடிப்பு கொடுத்தால் ஆன் ஆகும். ஆனால் ஆஃப் செய்ய வேண்டுமென்றால் கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அதை வலுக்கட்டாயமாகப் பூஜ்யத்துக்குத் தள்ளத் தனிச் சர்க்யூட் கட்ட வேண்டும். 1980களில் வந்த, கேட் வழியாகவே ஆஃப் செய்யவும் முடிந்த ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டர் ஸ்விட்ச் அந்தச் சிறையை உடைத்தது. அதை உருவாக்கிய ஜெயந்த் பாலிகாவுக்கு 2024இல் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. ரயில் இன்ஜினிலிருந்து இன்டக்‌ஷன் அடுப்பு வரை அந்த ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம்தான் கண்டுபிடித்தாகிவிட்டதே. இனி ஆராய என்ன மிச்சம்?

ஸ்விட்ச் மாறும்போதெல்லாம் பழைய கேள்விகள் புதிதாகத் திறந்துகொள்ளும்.

ஸ்விட்ச் செய்ய சிலிக்கானுக்கு மாற்றாக வந்த சிலிக்கான் கார்பைடை எடுத்துக்கொள்வோம். சிலிக்கானின் பட்டை இடைவெளி (எலக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்கத் தேவையான ஆற்றல்) 1.12 எலக்ட்ரான் வோல்ட், இதற்கு 3.26. அதனால் அதே வோல்டேஜைத் தாங்க மெல்லிய அடுக்கே போதும், இழப்பு குறையும், வேகமாக ஆன் ஆஃப் செய்யலாம். 2001இல் அதில் செய்த டையோடுகள் சந்தைக்கு வந்தன, 2010ஐ ஒட்டி மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஸ்விட்சுகள் வந்தன, 2017இல் டெஸ்லாவின் மாடல் 3 காருக்குள் ஏறிவிட்டன.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆய்வாளர்களுக்கு வேலை போயிருக்கும். அந்த வேகமே புது வில்லன் ஆனது. சிலிக்கான் கார்பைடு ஸ்விட்சில் வோல்டேஜ் ஒரு நானோ வினாடிக்கு 50 வோல்ட் வீதம் ஏறுவது சாதாரணம். சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்குக்கும் சிப்புக்கும் நடுவே 10 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்க்யூட் படத்தில் யாரும் வரையாத அளவு அது. 10 பிகோவை 50 வோல்ட்/நானோவால் பெருக்கிப் பாருங்கள், அரை ஆம்பியர் வரும். படத்திலேயே இல்லாத ஒரு பாதையில் அரை ஆம்பியர் ஓடுகிறது! மோட்டார் பேரிங் அரிப்பு, சென்சார் பொய் சொல்வது, பக்கத்து ரேடியோ இரைவது எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். ஐஜிபிடி காலத்தில் தீர்ந்துவிட்டதாக நினைத்த பேக்கேஜிங், இன்சுலேஷன், கேட் டிரைவர் என எல்லாமே மறுபடி ஆய்வுப்பொருள் ஆனது இப்படித்தான்.

சிமுலேஷன் மட்டும் செய்து முனைவர் பட்டம் வாங்க முடியாதா?

வாங்குகிறார்கள். மின்கட்டமைப்பு முழுவதையும் பற்றிய ஆய்வு என்றால் வேறு வழியும் இல்லை, யாரும் ஒரு நாட்டு கிரிட்டை மேசையில் கட்ட முடியாது. ஆனால் கன்வெர்ட்டரைப் பற்றிய ஆய்வு என்றால் என் பதில்: கூடாது.

சிமுலேஷன் நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். நீங்கள் வரையாத இண்டக்டன்ஸை (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மையை) அது கண்டுபிடித்துத் தராது. கம்பியோ போர்டின் செம்புப் பாதையோ, மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோ ஹென்றி என்று வைத்துக்கொள்வது எங்கள் மனக்கணக்கு. ஸ்விட்சும் டிசி கெப்பாசிட்டரும் சேர்ந்த சுற்றில் 20 நானோ ஹென்றி இருக்கிறது, கரண்ட் நானோ வினாடிக்கு 5 ஆம்பியர் வீதம் விழுகிறது என்றால் கூடுதலாக 100 வோல்ட் எகிறும். அதே சுற்று கொஞ்சம் நீண்டு 60 நானோ ஹென்றி ஆனால் 300 வோல்ட். 800 வோல்ட் டிசி பஸ்ஸில் (உள்ளே மின்சாரம் தரும் நேர்மின் தடத்தில்) 1200 வோல்ட் ஸ்விட்சை வைத்திருப்பவர் 1100ஐத் தொட்டுவிட்டார். வெறும் நான்கு சென்டிமீட்டர் கூடுதல் பாதை செய்த வேலை இது.

இதற்காக சிமுலேஷனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஹார்டுவேர் ஏதாவது விசித்திரம் காட்டிய பிறகு சிமுலேஷனுக்குத் திரும்பிப் போய், எதைச் சேர்த்தால் அதே விசித்திரம் அங்கேயும் வருகிறது என்று தேடுவது இருக்கிறதே, அதுதான் அதன் உச்சப் பயன். சேர்த்த அந்த ஒரு பொருள்தான் பல ஆய்வேடுகளில் மூன்றாவது அத்தியாயம்.

ஒரு புரோட்டோடைப்புக்கு எவ்வளவு காலம் ஆகும்?

முதல் போர்டுக்கு ஆறு மாதம் என்று மாணவர் சொல்வார், ஒரு வருடம் ஆகும். இரண்டாவது போர்டு சீக்கிரம் வரும். மூன்றாவதுதான் வேலை செய்யும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, முதல் நாள் பவர் கொடுக்கும் முறை. எடுத்த எடுப்பில் யாரும் 800 வோல்ட் போட மாட்டார்கள். முதலில் கன்ட்ரோல் பகுதிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, கேட் சிக்னல்கள் வருகின்றனவா, மேல் ஸ்விட்சும் கீழ் ஸ்விட்சும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாமல் நடுவே டெட் டைம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக ஆன் ஆனால் டிசி பஸ் நேரடியாக ஷார்ட் ஆகும், சில மைக்ரோ வினாடிகளில் கதை முடியும். பிறகு கரண்ட் லிமிட்டை மிகக் குறைத்து 20, 30 வோல்ட். அலைவடிவம் சரியாக இருந்தால் அடுத்தது டபுள் பல்ஸ் டெஸ்ட்: ஸ்விட்சுக்கு இரண்டே இரண்டு துடிப்பு. முதல் துடிப்பில் இண்டக்டரில் கரண்ட் ஏறும். அது முடியும் இடத்தில் ஆஃப் ஆவதைப் பார்க்கலாம், இரண்டாவது தொடங்கும் இடத்தில் ஆன் ஆவதைப் பார்க்கலாம். மொத்தமே சில பத்து மைக்ரோ வினாடி என்பதால் முழு வோல்டேஜிலும் சூடேறாது. எல்லாம் சரி என்றான பின்தான் தொடர்ந்து ஓட விட்டு, தெர்மல் கேமராவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். அப்போது அறையில் யாரும் பேச மாட்டார்கள்.

அளக்கும் கருவியே பொய் சொல்லுமா?

சொல்லும். ஆய்வு மாணவனாக என் இரண்டாம் வருடத்தில் நடந்தது. இரு ஸ்விட்சுகளும் சேரும் புள்ளியான ஸ்விட்ச் நோடில் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ஒரு கொடூரமான அதிர்வு, 130, 140 மெகாஹெர்ட்ஸ் இருக்கும். கேட் ரெசிஸ்டரை மாற்றினேன், அதிர்வை அடக்கும் ஸ்னப்பர் போட்டேன், ஸ்னப்பரைக் கழற்றினேன், போர்டை மறுபடி வரையலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டரை வாரம் போனது. ஒரு சீனியர் காபி டம்ளரோடு வந்து திரையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல், அலைவடிவம் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் அளக்கும் முனையான புரோப்பில் தொங்கிய கருப்புக் கிரவுண்ட் ஒயரைக் கழற்றினார். புரோப் நுனியில் சின்னச் சுருள்வில் ஒன்றை மாட்டி, பக்கத்திலேயே இருந்த கிரவுண்டைத் தொட்டார். அதிர்வு ஏறக்குறைய காணாமல் போனது. "இது சர்க்யூட் இல்லப்பா, உன் புரோப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணக்கு எளிது. 12 சென்டிமீட்டர் கிரவுண்ட் ஒயர் ஏறத்தாழ 120 நானோ ஹென்றி, புரோப்பின் உள்ளே 10 பிகோ ஃபாரட். இரண்டும் சேர்ந்தால் 145 மெகாஹெர்ட்ஸில் அதிரும். சர்க்யூட்டில் இல்லாத அதிர்வை நானே கட்டி, நானே அளந்து, நானே பயந்திருக்கிறேன். பேப்பர்களில் வரும் ஆசிலோஸ்கோப் படங்களைப் பார்க்கும்போது இன்றும் முதலில் புரோப்பை எப்படி மாட்டியிருப்பார்கள் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

99 சதவீத செயல்திறன் என்று பேப்பரில் போடுகிறார்களே, நம்பலாமா?

எப்படி அளந்தார்கள் என்று எழுதியிருந்தால் நம்பலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஓர் எண்ணுக்காகத்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

முதலில், 96 சதவீதத்திலிருந்து 98க்குப் போவது வெளியிலிருந்து பார்த்தால் இரண்டே சதவீதம். உள்ளே இருப்பவருக்கு அது பாதிச் சூடு. ஒரு கிலோவாட் வெளியே தரும் பெட்டியில் 96 சதவீதம் என்றால் 41.7 வாட் வீணாகிறது, 98 என்றால் 20.4 வாட். ஹீட் சிங்க் பாதியாகும், சில சமயம் மின்விசிறியே வேண்டாம். 99 என்றால் 10 வாட். மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் இப்படித்தான் பாதி பாதியாகக் கேட்கும்.

அடுத்தது அளப்பது. 5 கிலோவாட் கன்வெர்ட்டர், 99 சதவீதம் என்றால் இழப்பு ஏறத்தாழ 50 வாட். உள்ளே போவதை ஒரு மீட்டர், வெளியே வருவதை ஒரு மீட்டர், ஒவ்வொன்றிலும் 0.1 சதவீதப் பிழை என்று வைப்போம். நல்ல மீட்டர்தான். ஆனாலும் உள்ளே 5 வாட், வெளியே 5 வாட், மோசமான கூட்டணியில் 10 வாட் தவறும். 50 வாட்டைத் தேடுகிறவர் 10 வாட் தவறோடு தேடுகிறார். 98.8 என்றும் எழுதலாம், 99.2 என்றும் எழுதலாம். எதை எழுதுவார் என்று ஊகிக்க ஞானம் தேவையில்லை.

இதிலிருந்து தப்ப இரண்டு வழி உண்டு. ஒரே மாதிரி இரண்டு கன்வெர்ட்டர்களை எதிரெதிராகக் கட்டி, ஒன்று வெளியே தருவதை மற்றொன்று உள்ளே வாங்கித் திருப்பித் தரும்படி சுற்றவிடலாம். அப்போது வெளி சப்ளை இழப்பை மட்டும்தான் ஈடுகட்டும். 10 கிலோவாட் சுற்றினாலும் மீட்டர் 200 வாட்டைத்தான் பார்க்கும், பிழை அந்த 200இல்தான் வரும். இன்னொன்று கலோரிமீட்டர்: கன்வெர்ட்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளியே வரும் சூட்டை நேரடியாக அளப்பது. ஓர் அளவீட்டுக்கே சில மணி நேரம் பிடிக்கும். பொறுமை இருப்பவர்களின் எண்ணை நான் நம்புவேன்.

99.1 என்று தசமத்தோடு போட்டுவிட்டு, அளந்த முறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத பேப்பரை மூடி வைத்துவிடலாம்.

கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

பலர் பயப்படுவதைவிடக் குறைவு, சிலர் நினைப்பதைவிட அதிகம். திறந்து மூடும் சர்க்யூட் நேர்கோட்டுத்தன்மை இல்லாதது, பழைய கட்டுப்பாட்டியல் கருவிகள் அதில் செல்லாது. 1976இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மிடில்புரூக்கும் சூக்கும் ஒரு வழி சொன்னார்கள்: ஒரு சுழற்சிக்குள் நடப்பதைச் சராசரியாக்கிவிட்டால் ஸ்விட்ச் மறைந்துபோகும், சாதாரண நேர்கோட்டு மாதிரி மிஞ்சும். இன்று பட்டப்படிப்பிலேயே சொல்லித்தரும் விஷயம் அது. அதே ஆண்டு மிடில்புரூக் இன்னொன்றையும் காட்டினார். கன்வெர்ட்டர் எப்போதும் ஒரே அளவு பவர் இழுப்பதால் உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் அதிகக் கரண்ட் இழுக்கும், அதாவது எதிர்மறை ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். அதன் முன்னால் வைக்கும் ஃபில்டரின் இம்பிடன்ஸ் (மாறும் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு) பெரிதாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். தனித்தனியாகச் சோதித்தபோது ஒழுங்காக இருந்த இரண்டு பெட்டிகள், சேர்த்தவுடன் சண்டை போடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். லினியர் அல்ஜீப்ரா, லாப்லாஸ், ஃபூரியே இருந்தால் தொடங்கலாம். மோட்டார் பக்கம் போனால் 1929இல் ராபர்ட் பார்க் எழுதிய அச்சு மாற்றம் தூக்கத்திலும் வர வேண்டும்.

புது டோபாலஜி (சர்க்யூட் அமைப்பு) கண்டுபிடிப்பதுதான் உயர்ந்த ஆய்வா?

இல்லை என்பது என் கட்சி. ஸ்விட்ச், டையோடு, இண்டக்டர், கெப்பாசிட்டர் நான்கையும் புது வரிசையில் கோர்த்து, வோல்டேஜ் ஏழு மடங்கு ஏறுகிறது என்று காட்டும் பேப்பர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கடைசியில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை இருக்கும், அதில் எழுதியவரின் சர்க்யூட்தான் ஜெயித்திருக்கும். எந்தக் கட்டத்தில் தோற்கிறதோ அந்தக் கட்டமே அட்டவணையில் இருக்காது.

ஆனாலும் துறையைத் திருப்பிய டோபாலஜிகள் உண்டு. 1981இல் நபாயே, தகாஹாஷி, அகாகி மூவரும் எழுதிய மூன்றுநிலை இன்வெர்ட்டர் ஒன்று. 2000களின் தொடக்கத்தில் ரைனர் மார்க்வார்ட் முன்வைத்த மாடுலர் மல்டிலெவல் கன்வெர்ட்டர் இன்னொன்று. சின்னச் சின்னத் தொகுதிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிப் படிப்படியாக சைன் அலை கட்டுவது அது. 2010இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அடியே 400 மெகாவாட் கொண்டுபோகும் இணைப்பில் அது முதன்முதலாக வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. பத்தே ஆண்டுக்குள் காகிதத்திலிருந்து கடலுக்கடிக்கு!

டோபாலஜி மட்டும் போதாது என்பதற்கு நல்ல சாட்சி கூகுளும் ஐஇஇஇ என்ற உலகப் பொறியாளர் சங்கமும் 2014இல் அறிவித்த லிட்டில் பாக்ஸ் போட்டி. 2 கிலோவோல்ட் ஆம்பியர் இன்வெர்ட்டரை கன அங்குலத்துக்கு 50 வாட்டுக்கு மேல் அடக்க வேண்டும், பரிசு பத்து லட்சம் டாலர். 2016இல் ஜெயித்த பெல்ஜியக் குழு ஏறத்தாழ 143 வாட் அடக்கியது. பலரையும் படுத்தி எடுத்தது ஸ்விட்ச் அல்ல. ஒரு பேஸ் மின்சாரத்தில் பவர் சீராக ஓடாது, கிரிட் அதிர்வெண்ணின் இரு மடங்கில் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எங்காவது சேமித்துத் திருப்பித் தர வேண்டும். வழக்கமாக அதற்குப் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வைப்பார்கள், ஆனால் பெட்டியில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். அதை எப்படிச் சுருக்குவது என்பதில்தான் போட்டியின் மூளை செலவானது.

காந்தம் பற்றி யாரும் பேசுவதில்லையே?

கடினம் என்பதால் பேசுவதில்லை. இண்டக்டர், டிரான்ஸ்ஃபார்மர் கோரில் (கம்பி சுற்றிய காந்தப்பொருளில்) எவ்வளவு இழப்பு என்று கணிக்க இன்றும் ஸ்டைன்மெட்ஸ் 1892இல் வெளியிட்ட விதியின் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகிறோம். அது அளவீட்டிலிருந்து பொருத்திய சூத்திரம், அடிப்படை இயற்பியலிலிருந்து வந்ததல்ல. சைன் அலைக்குப் பொருத்திய மாறிலிகளைச் சதுர அலை ஓடும் கன்வெர்ட்டருக்குப் போட்டால் விடை தவறும். 2002இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஒரு திருத்தம் வந்தது, இப்போது பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவும் நேர்மின் சார்பு ஏறினாலோ வெப்பநிலை மாறினாலோ திணறுகிறது. பிரின்ஸ்டனில் அளவீடுகளைக் குவித்து நியூரல் நெட்வொர்க் பழக்கும் மேக்நெட் என்ற திட்டம் ஓடுகிறது, 2023இல் உலகளவில் போட்டியே வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு எங்கள் துறையில் என்ன கிழிக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். தரவு நிறைய, சூத்திரம் பலவீனம்.

மின்கட்டமைப்பு ஆய்வாளர்களுக்கும் உங்களுக்கும் ஏன் ஒத்துவருவதில்லை?

முன்பு பேச வேண்டிய அவசியமே இருந்ததில்லை. கிரிட் என்றால் பல டன் எடையுள்ள சுழலும் ஜெனரேட்டர்கள். திடீரென்று சுமை ஏறினால் அந்த நிறையின் சுழற்சி ஆற்றல் சில வினாடி தாங்கும். கோளாறு வந்தால் வழக்கமான கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு கொடுக்கும், பாதுகாப்பு ரிலேக்கள் அதை வைத்துத்தான் கோளாறை அடையாளம் காணும். இன்வெர்ட்டருக்கு நிறை கிடையாது. அதன் சிப் ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்காது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கிவிடும். எங்களுக்கு அது நல்ல வடிவமைப்பு, அவர்களுக்கு அது துரோகம்.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. அடுத்தடுத்து வோல்டேஜ் சரிந்தது. சில காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில், இத்தனை நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் விலகிக்கொள் என்று ஓர் அமைப்பு இருந்தது. கிரிட்டை நடத்துபவர்களுக்கு அது தெரியாது. 450 மெகாவாட்டுக்கு மேல் சட்டென்று போனது, பக்கத்து மாநிலத்தோடு இருந்த இணைப்பு சுமை தாங்காமல் அறுந்தது, மாநிலம் முழுவதும் இருண்டது. ஒரு மென்பொருள் எண் அது. அதன்பிறகுதான் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார ஆரம்பித்தது என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை. கிரிட்டின் வோல்டேஜைப் பின்தொடராமல் தானே உருவாக்கும் 'கிரிட் ஃபார்மிங்' இன்வெர்ட்டர் இன்று சூடான ஆய்வுத் தலைப்பு. அதே மாநிலத்தின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2022இலிருந்து செயற்கையாகச் சுழல்நிறை போல நடந்துகொண்டு கிரிட்டைத் தாங்குகிறது.

மாநாடா, இதழா? எதில் எழுதுவது?

வழக்கம்: வேலை சூடாக இருக்கும்போது மாநாடு, ஆறின பின் விரித்து இதழ். 1986இல் தொடங்கிய ஐஇஇஇயின் பவர் எலக்ட்ரானிக்ஸ் டிரான்ஸாக்‌ஷன்ஸ் தான் பலரின் குறி. மாநாடுகளில் அதே ஆண்டு தொடங்கிய ஏபெக்கில் தொழில்துறை ஆட்கள் அதிகம், 2009இலிருந்து நடக்கும் எக்ஸியில் ஆய்வாளர்கள் அதிகம். ரிவ்யூவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இன்னும் அதிக பவரில் ஓட்டிக் காட்டு, என்னுடைய பேப்பரை மேற்கோள் காட்டு, இதில் புதிது என்ன. மூன்றாவதைக் கேட்பவருக்கு மட்டும் மனதுக்குள் நன்றி சொல்லுங்கள்.

கம்பெனிப் பணத்தில் ஆய்வு செய்தால் வெளியிட முடியுமா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் முடியும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

உயிருக்கு ஆபத்தான வேலையா?

கவனம் இல்லாவிட்டால் ஆம். பலரும் பயப்படுவது ஓடிக்கொண்டிருக்கும் சர்க்யூட்டை. எனக்கு அதிக பயம் அணைத்துவைத்த சர்க்யூட். 800 வோல்ட்டில் 1000 மைக்ரோ ஃபாரட் என்றால் 320 ஜூல். சப்ளையை அணைத்தபின்னும் அது அங்கேயே காத்திருக்கும். வடிக்கும் ரெசிஸ்டர் வைத்திருப்பீர்கள், அது எரிந்துபோயிருந்தால்? மீட்டரை வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. அதற்கு முன் அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்த வோல்டேஜில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் வெடிக்கும் ஸ்விட்சின் பிளாஸ்டிக் துண்டுகள் நேராக வருவதில்லை. இரவு தனியாக உயரழுத்தச் சோதனை வேண்டவே வேண்டாம். டெட்லைன் என்று சொல்லாதீர்கள், அந்த வார்த்தையிலேயே பதில் இருக்கிறது.

ஸ்விட்ச் வெடித்துவிட்டது. என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். முதலில் ஆசிலோஸ்கோப்பில் கடைசியாகப் பிடித்த அலைவடிவத்தைச் சேமியுங்கள், அது ஒன்றுதான் சாட்சி. மேல் ஸ்விட்சா கீழ் ஸ்விட்சா, கேட் டிரைவரும் சேர்ந்து போனதா, முதல் நிமிடத்திலேயா அல்லது நாற்பது நிமிடம் ஓடியபிறகா என்று அன்றே குறித்துவையுங்கள். நாற்பது நிமிடம் கழித்து என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். சுமையைச் சட்டென்று கழற்றியபோது என்றால் வோல்டேஜை. காரணம் தெரியாமல் புது ஸ்விட்ச் போட்டு ஓட்டுபவர் அடுத்த ஸ்விட்சையும் சேர்த்தே வாங்கிவைப்பது நல்லது.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

அவரிடம் கேட்பதைவிட அவர் மாணவர்களிடம் கேளுங்கள். போர்டு ஆர்டர் போட்டால் யார் கையெழுத்துக்கு எத்தனை வாரம் காத்திருக்கிறீர்கள்? உயர் அலைவரிசை டிஃபரன்ஷியல் புரோப் எத்தனை, எத்தனை பேருக்கு? ஏதாவது எரிந்தால் கைடு முதலில் கேட்பது என்ன? "எவ்வளவு செலவு" என்பதா, "அலைவடிவம் இருக்கா" என்பதா? ஆய்வகத்துக்குள் அவர் கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் பேச்சுவாக்கில் விசாரித்துவிடுங்கள்.

ஆய்வேடு முடிந்ததும் அந்தப் போர்டு என்ன ஆகும்?

அலமாரிக்குப் போகும். முதல் மாதம் அதன்மேல் யாரும் கைவைக்க மாட்டார்கள். பிறகு புதிதாக வந்த மாணவர் ஒருவர் அவசரத்துக்கு ஹீட் சிங்கைக் கழற்றுவார். அடுத்தவர் ஃபிலிம் கெப்பாசிட்டர்களை எடுப்பார். இண்டக்டர் கடைசிவரை தங்கும், கையால் சுற்றியதை யாரும் நம்புவதில்லை. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் துளைகளும் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் டேப்பும் மிஞ்சியிருக்கும். அதில் பென்சிலில், "கேட் ரெசிஸ்டர் 10 போதாது, 15 போடு. கீழ் ஸ்விட்ச் மட்டும்" என்று எழுதியிருக்கும். ஆய்வேட்டின் இருநூறு பக்கத்தில் எங்கு தேடினாலும் அந்த வரி இருக்காது. டேப்பைக் கிழிக்காமல் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.